நான்கு சீட்டும் ஒரு பொத்தானும்

2019ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்து வாக்காளர்களின் விரலில் இரண்டு முறை மை வைத்தார்கள். முதல் முறை ஏப்ரல் 18 அன்று. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இயந்திரம் வைத்திருந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நாடாளுமன்றத்துக்கான ஓட்டு முடிந்தது. இரண்டாம் முறை டிசம்பர் கடைசியில். அதே பள்ளிக்கூடம்தான், ஆனால் இந்த முறை கையில் நான்கு சீட்டு கொடுத்தார்கள். வார்டு மெம்பருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கிலும் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும்.

ஏப்ரலில் தமிழ்நாட்டில் பதிவான வாக்கு சுமார் 72 விழுக்காடு. டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் முதல் கட்டத்தில் 76 விழுக்காட்டுக்கு மேல், இரண்டாம் கட்டத்தில் 77 விழுக்காட்டுக்கு மேல். இரண்டையும் அப்படியே நிறுத்திப் பார்ப்பது சரியில்லை. முன்னதில் சென்னை உள்ளிட்ட நகரங்களும் சேர்ந்திருக்கின்றன, பின்னது கிராமங்களின் கணக்கு மட்டும். ஆனாலும் ஒன்று தெளிவு. பிரதமரைத் தீர்மானிக்கும் தேர்தலுக்கு வந்த ஆர்வத்தில் எள்ளளவும் குறையாமல், தெருவிளக்கையும் குழாயையும் பார்த்துக்கொள்ளப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கவும் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

இது இயல்பானதுதானே என்று நமக்குத் தோன்றும். அரசியல் அறிவியலின் பாடப்புத்தகத்துக்கோ இது ஒரு புதிர்.

'இரண்டாம் தரத் தேர்தல்' என்ற கொள்கை

1979இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முதல் நேரடித் தேர்தல் நடந்தது. பல நாடுகளில் மக்கள் எதிர்பார்த்த அளவுக்கு ஓட்டுப் போட வரவில்லை. அதை ஆராய்ந்த கார்ல்ஹைன்ஸ் ரைஃப், ஹெர்மன் ஷ்மிட் என்ற இரண்டு அறிஞர்கள் 1980இல் ஒரு விளக்கம் தந்தார்கள். நாட்டை யார் ஆள்வது என்று முடிவுசெய்யும் தேர்தல் முதல் தரம். மற்றவை எல்லாம், உள்ளாட்சித் தேர்தல் உட்பட, இரண்டாம் தரம். இரண்டாம் தரத் தேர்தலில் பணயம் குறைவு; ஆகவே வருகிறவர்களும் குறைவு. வருகிறவர்களும் உள்ளூர் விஷயத்தை நினைத்து ஓட்டளிப்பதைவிட, தலைநகரில் ஆள்கிறவர்களுக்குப் பாடம் புகட்டவே ஓட்டளிக்கிறார்கள் என்றது அந்தக் கொள்கை.

மேலை நாடுகள் பலவற்றில் இது பெரிதும் பொருந்துகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நகரத் தந்தையையும் கவுன்சிலரையும் தேர்ந்தெடுக்க, தேசியத் தேர்தலுக்கு வருகிற கூட்டத்தில் பாதியே வருவதுண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலிலும் ஆவுடையார்கோயிலிலும் அது ஏன் பொருந்தவில்லை?

ஒரே நாளில் விழுந்த படிக்கட்டு

விடைக்கான முதல் தடயம் 2022 பிப்ரவரி 19இல் கிடைத்தது. அன்று தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்துக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. மாநிலமும் சட்டமும் நாளும் ஒன்றே. ஊரின் அளவு மட்டும் வேறு. ஓர் ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டு அமைத்தாலும் இவ்வளவு ஒழுங்காக அமையாது.

பேரூராட்சிகளில் சுமார் 75 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். நகராட்சிகளில் 68. மாநகராட்சிகளில் 52. மாநகராட்சிகளிலேயே பெரியதான சென்னையில் 44 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஊர் பெருகப் பெருக, படிப்படியாக இறங்குகிறது ஆர்வம். இதே சென்னையில் 2024 மக்களவைத் தேர்தலில் மூன்று தொகுதிகளிலும் 53 விழுக்காட்டுக்கு மேல் பதிவானது. ஆக, சென்னைவாசிக்கு மக்களவைத் தேர்தல் பெரிது. பேரூராட்சிக்காரருக்கும் கிராமத்தாருக்கும் உள்ளாட்சித் தேர்தல் கொஞ்சமும் சிறிதில்லை.

நகரத்துப் பட்டியல்களில் வீடு மாறிப்போனவர்களின் பெயர்கள் மிகுதி, அதனாலும் விழுக்காடு குறையும் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதே குறை மக்களவைத் தேர்தலின் பட்டியலிலும் உண்டு. உள்ளாட்சிப் பட்டியலே சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்துதான் தயாராகிறது. அந்தக் குறையோடும் சென்னை டெல்லிக்காக எழுந்து வந்தது, வார்டுக்காக வரவில்லை.

ராபர்ட் டால், எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்க அறிஞர்கள் 1973இலேயே இந்த முடிச்சைத் தொட்டார்கள். ஆட்சி அமைப்பு சிறிதாக இருந்தால் குடிமகனின் குரலுக்கு வலு அதிகம், ஆனால் அந்த அமைப்பால் செய்ய முடிகிற காரியம் குறைவு. பெரிதானால் காரிய வலிமை கூடும், தனி மனிதக் குரல் தேயும். இரண்டையும் ஒருசேர அடைய எந்த அளவும் இல்லை. எனவே பல அளவுகளில் பல அமைப்புகள் வேண்டும். நம் நான்கு சீட்டுக்கும் ஒரு பொத்தானுக்கும் உள்ள நியாயம் இதுதான்.

ஓர் ஓட்டின் எடை

'நான் ஒருத்தன் போடாவிட்டால் என்ன ஆகிவிடும்?' என்ற கேள்வியை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். 1957இல் அந்தோனி டவுன்ஸ் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். ஓர் ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. வேலையை விட்டு வரிசையில் நிற்பதற்கோ செலவு உண்டு. அப்படியிருந்தும் மனிதர்கள் ஏன் ஓட்டுப் போடுகிறார்கள்?

அந்த வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஓட்டு முடிவைத் தீர்மானிக்க வேண்டுமென்றால் மற்ற எல்லா ஓட்டும் சரிபாதியாகப் பிரிந்திருக்க வேண்டும். 400 பேர் ஓட்டுப் போடும் ஒரு வார்டில் இருவர் போட்டி என்று வையுங்கள். ஒவ்வொருவரும் நாணயத்தைச் சுண்டிவிட்டு முடிவெடுப்பதாக வைத்துக்கொண்டால், சரியாக 200க்கு 200 விழும் வாய்ப்பு ஏறக்குறைய 25இல் ஒன்று. இதே நாணயக் கணக்கை 10 லட்சம் ஓட்டு விழும் மக்களவைத் தொகுதிக்குப் போட்டால் சுமார் 1,250இல் ஒன்று. வாக்காளர்கள் 2,500 மடங்கு பெருகியும் வாய்ப்பு 50 மடங்குதான் குறைந்திருக்கிறது. 2,500இன் வர்க்கமூலம் 50. கூட்டம் பெருகும் வேகத்துக்கு அதன் வர்க்கமூலம்தான் ஈடுகொடுக்கிறது என்பது நிகழ்தகவுக் கணிதத்தின் அழகான விதி.

இனிமேல்தான் உண்மையான வியப்பு. நாணயம் கொஞ்சம் கோணலாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் சாய 51 விழுக்காடு வாய்ப்பு, மறுபக்கம் சாய 49. இவ்வளவு சின்னச் சாய்வுதான். 400 பேர் வார்டில் சமநிலை வாய்ப்பு 25இல் ஒன்றிலிருந்து 27இல் ஒன்றாகிறது. மாற்றமே இல்லை என்று சொல்லலாம். 10 லட்சம் ஓட்டுத் தொகுதியிலோ அந்த வாய்ப்பு, ஒன்றுக்குப் பின்னால் 90 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒன்று. நாம் காணக்கூடிய அண்டம் முழுவதிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே ஒன்றுக்குப் பின்னால் 80 சுழியம் அளவுதான் என்று வானியலாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

நடைமுறையில் மக்கள் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வார்கள் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அந்த நிச்சயமின்மையையும் கணக்கில் சேர்த்தால் வாய்ப்பு இப்படிப் பாதாளத்துக்குப் போகாது. ஆனாலும் வாக்காளர் எண்ணிக்கை எத்தனை மடங்கு பெருகுகிறதோ, ஏறத்தாழ அத்தனை மடங்கு அது சுருங்கும். பெரிய தொகுதிகளில் நூலிழை முடிவு வராமலில்லை. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியில் சி.பி.ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். 2024இல் மும்பை வடமேற்கு மக்களவைத் தொகுதியில் வித்தியாசம் 48 ஓட்டு. நாடே பேசும் செய்திகளாக அவை ஆனதற்குக் காரணம் அவற்றின் அருமை. ஊராட்சி வார்டிலோ ஓர் ஓட்டிலும் ஈர் ஓட்டிலும் முடிவு வருவது பழகிப்போன சேதி. இருவருக்கும் சரிசமமாக விழுந்துவிட்டால் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கவே சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனை, சென்னையில் இருக்கும் தம்பியை, 'ஒரு நாள் லீவு போட்டு வந்துட்டுப் போ' என்று கிராமத்தில் கூப்பிடுவது உள்ளாட்சித் தேர்தலுக்குத்தான் அதிகம். வர்க்கமூல விதி தெரியாமலேயே அவர்கள் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

பார்க்கும் கண்கள்

எடை மட்டும் காரணமாக இருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். இன்னொரு காரணத்தை 2006இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒரு சோதனை காட்டியது. ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் மூவரும் ஒரு சிறிய உட்கட்சித் தேர்தலுக்கு முன் பல்லாயிரம் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். சிலருக்கு 'வாக்களிப்பது கடமை' என்று மட்டும். சிலருக்கு, கடந்த தேர்தல்களில் அவர்களும் அக்கம்பக்கத்தாரும் வாக்களித்தார்களா இல்லையா என்ற பட்டியல், அதோடு 'இந்தத் தேர்தலுக்குப் பிறகும் இப்படி ஒரு பட்டியல் வரும்' என்ற குறிப்பு.

கடிதமே போகாத வீடுகளில் 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஓட்டுப் போட்டார்கள். கடமையை நினைவூட்டிய கடிதம் அதை 2 புள்ளி அளவுக்கே உயர்த்தியது. அக்கம்பக்கத்தார் பட்டியல் 8 புள்ளி உயர்த்தியது. நாம் வந்தோமா வரவில்லையா என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும் என்ற உணர்வு, அறிவுரையைப் போல நான்கு மடங்கு வேலை செய்தது.

அமெரிக்காவில் கடிதம் அச்சடித்து உண்டாக்க வேண்டியிருந்த அந்தச் சூழல் நம் கிராமத்தில் இயற்கையாகவே இருக்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்பது மதியத்துக்குள் ஊருக்கே தெரியும். நிற்கிறவர் பங்காளி, எதிர்த்து நிற்கிறவர் மாமன் மகன். 'அத்தை, இன்னும் ஓட்டுப் போடலையா?' என்று வாசலில் வந்து கேட்கிறவருக்கு முகம் கொடுத்தாக வேண்டும். நாடாளுமன்ற வேட்பாளர் திறந்த வேனில் கைகூப்பியபடி கடந்து போய்விடுவார். வார்டுக்கு நிற்கிறவர் நாளைக்கும் அதே டீக்கடையில் இருப்பார்.

குழாயடியும் கண்மாயும்

மூன்றாவது காரணம், யார் பதவிக்கு வருகிறார்கள் என்பதைப் பொறுத்து வாழ்க்கை கண்முன் மாறுவது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவது, தெருவிளக்கு, குப்பை, ஊரணி, சிமெண்ட் சாலை, ஊரக வேலைத் திட்டத்தில் எந்த வரத்து வாய்க்காலை எடுப்பது என்ற தேர்வு, இவையெல்லாம் ஊராட்சியின் தீர்மானத்தில் நிற்பவை. பெரிய ஆறு எதுவும் கைகொடுக்காத, கண்மாயையும் மழையையும் நம்பி வாழும் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு வரத்துவாரியைத் தூர்வாருவதும் விடுவதும் ஒரு பருவத்துச் சாப்பாட்டின் விஷயம்.

ரகபேந்திர சட்டோபாத்யாயா, எஸ்தர் டுஃப்லோ இருவரும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், பெண்கள் அதிகம் முறையிடும் காரியங்களுக்கு, குறிப்பாகக் குடிநீருக்கு, கூடுதல் செலவு நடந்திருந்தது. எந்த ஊராட்சி ஒதுக்கீட்டில் வரும் என்பது சுழற்சியில் அமைந்ததால் இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்து குழாயில் தண்ணீர் மாறுகிறது. அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்த மாவட்டம் இது. 2019 தேர்தலில் தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்றானபோது அந்த மாற்றத்தின் அருமை இங்கே விளக்கத் தேவைப்படவில்லை.

டெல்லியின் கை நெடுவாசல் வரை

அப்படியானால் நாடாளுமன்றத் தேர்தல் கிராமத்துக்குத் தேவையில்லாததா? இந்தக் கேள்விக்கும் புதுக்கோட்டையிலேயே பதில் இருக்கிறது.

2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை ஹைட்ரோகார்பன் எடுப்பதற்கான ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தந்தது. பட்டியலில் நெடுவாசல் இருந்தது. ஆலங்குடி வட்டத்தில் தென்னையும் பலாவும் பூவும் விளையும் அந்த ஊர் உடனே போராட்டக் களமானது. எந்தக் கிராமசபையும் கேட்காத முடிவு ஒன்று டெல்லியிலிருந்து நேராக வயலில் வந்து இறங்கியது. 2020இல் சென்னையில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களை அதில் சேர்த்தது. நெடுவாசல் திருவரங்குளம் ஒன்றியத்தில் இருக்கிறது. ஆக, ஒரே ஊரின் மண்ணைப் பற்றி டெல்லி ஒன்று சொன்னது, சென்னை ஒன்று சொன்னது, ஊர் ஒன்று சொன்னது. மூன்று தேர்தலும் அந்த ஒரு வயலில் சந்தித்தன.

இன்னொன்றும் உண்டு. புதுக்கோட்டை என்ற பெயரில் மக்களவைத் தொகுதி 2004 தேர்தல் வரை இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அது மறைந்தது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு பக்கமாகப் பிரிந்தன. புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. 1948 வரை தனி சமஸ்தானமாக இருந்த மண்ணுக்கு, நாடாளுமன்றத்தில் தன் பெயர் சொல்லும் ஓர் இருக்கை இல்லாமல் போனது. 2009 தேர்தலில் ஆயிரக்கணக்கானோர் வாக்குச்சாவடி வரை வந்து, '49 ஓ' விதியின் கீழ் யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று கையெழுத்திட்டுப் போனார்கள். டெல்லித் தேர்தலைப் பொருட்படுத்தாதவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். பொருட்படுத்தியதால்தான் வலித்தது.

சிறிய ஊரின் நிழல்

சிறியது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. ஓட்டுப் போட இழுத்துவரும் அதே கண்கள்தான் மிரட்டவும் செய்யும். சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டு, போட்டியே இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டன என்பதற்காகவே 1996 முதல் பத்தாண்டு காலம் அங்கே முறையான தேர்தல் நடக்கவிடப்படவில்லை. 1997 ஜூன் 30இல், அத்தகைய ஒதுக்கீட்டில் வென்ற மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை நடந்தது.

ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு அதிகாரமே இல்லையென்றால் அதற்காக யாரும் கொலை செய்யமாட்டார்கள். இந்த ரத்தமும் அந்தப் பதவியின் எடையைத்தான் சொல்கிறது. அந்த எடை எளியவர் கைக்குப் போவதைத் தடுக்கவே வன்முறை நடந்தது. அவர்களைக் காக்கும் சட்டமும் நீதிமன்றமும் ஒதுக்கீடும் ஊருக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. அதற்காகவும் பெரிய தேர்தல் வேண்டும்.

வாக்காளர் மறக்கவில்லை

ஆகவே எது பெரிது என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இது. எட்டுகிற தூரத்தில் நாடாளுமன்றமும் சட்டமன்றமும் பெரியவை. ஓர் ஓட்டின் எடையில் உள்ளாட்சி பெரிது. ஒரு குடிமகன் தன் வாழ்நாளில் கையில் ஏந்துகிற சீட்டுகளிலேயே மிகக் கனமானது அந்த வெள்ளைச் சீட்டுதான். வாக்குப்பதிவு விழுக்காடுகளைப் பார்த்தால், இதைக் கிராமத்து மக்கள் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள். உணராதது ஆட்சியில் இருப்பவர்கள்.

ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த ஊராட்சித் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243 இ பிரிவு. 1993இல் அமலுக்கு வந்த 73ஆவது திருத்தம் தந்த உறுதி அது. ஆனால் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. இடையில் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் தடைபட்டது. நெடுவாசல் போராட்டம் தொடங்கியபோது அந்த ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் புதுக்கோட்டையின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, மாவட்டத்தின் 497 ஊராட்சிகளில் ஒன்றில்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. 13 ஒன்றியங்களில், ஒன்றியத்துக்குச் சராசரியாக 38 ஊராட்சிகள் அலுவலர்களின் பொறுப்பில் கிடந்தன. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் மக்கள் சாலைக்கு வந்தார்கள்.

2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. அப்போதும் அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் தனி அலுவலர்களே.

மக்களவைத் தேர்தலை இப்படி ஓராண்டு தள்ளிவைத்தால் நாடு கொந்தளிக்கும். ஊராட்சித் தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்போதும் அதே கோபம் நமக்கு வர வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போங்கள். உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள், அதில் கையெழுத்திடுங்கள். நான்கு சீட்டையும் கேட்டு வாங்குவது நம் உரிமை.